அம்மாவே பார்க்கும் பிரஷர், அம்மாவே பார்க்கும் சுகர்

அம்மாவுக்கு 74 வயது. விருதுநகரில் தனியாக இருக்கிறார். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் நெடுநாளாக உண்டு. சென்னையிலிருந்து நான் வாங்கிக் கொடுத்த கருவிகள் முதல் மூன்று மாதம் பீரோவில்தான் கிடந்தன. நான் ஊருக்குப் போனால் மட்டும் வெளியே வரும். இப்போது அம்மாவே பார்த்து, அம்மாவே எழுதி வைக்கிறார். அந்த நிலைக்கு வந்த வழியைச் சொல்கிறேன்.

பிரஷர் கருவி வாங்கும் முன் தையல் டேப்பால் மேல்கையின் சுற்றளவை அளந்துகொள்ளுங்கள். மணிக்கட்டில் கட்டுவதைவிட மேல்கையில் சுற்றுவதே நம்பகமானது. எந்தச் சுற்றளவுக்குப் பொருந்தும் என்பது பட்டையிலேயே அச்சாகியிருக்கும். எங்கள் கருவியோடு வந்தது 22 முதல் 32 செ.மீ. வரைக்கானது, அம்மாவின் கையோ 35 செ.மீ. சின்னப் பட்டை இறுக்கிப் பிடித்தால் அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். பெரிய பட்டை மாற்றிய பிறகுதான் எண்கள் நம்பும்படி வந்தன.

காப்பி குடித்து அரை மணி நேரமாவது கழியட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்த நாற்காலியில், பாதம் இரண்டும் தரையில் படியும்படி ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கையை மேசைமேல், நெஞ்சின் உயரத்தில் வைத்து, சட்டைத் துணிக்கு மேல் சுற்றாமல் வெறும் கையில் சுற்ற வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து இரண்டையும் எழுதுங்கள். மருத்துவரைப் பார்க்கப் போவதற்கு முந்தைய ஒரு வாரம் காலையும் மாலையும் இப்படிப் பார்த்தால் போதும். மற்ற நாட்களில் மணிக்கொரு தரம் பார்ப்பது பயத்தைத்தான் வளர்க்கும். வீட்டில் பார்க்கும்போது சராசரி 135/85-ஐத் தாண்டினால் பொதுவாக அதிகம் என்று கொள்கிறார்கள். அம்மாவுக்கு எது சரியான அளவு என்பதை மருத்துவரிடமே கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வாங்கினேன்.

படுக்கையிலிருந்து எழுந்ததும் தலை சுற்றுகிறது என்று அம்மா ஒருநாள் சொன்னார். உட்கார்ந்து ஒரு முறை, எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் பார்க்கச் சொன்னேன். பக்கத்து வீட்டு அக்கா துணைக்கு நின்றார். மேல் எண் 20-க்கு மேல் இறங்கியிருந்தது. அதைப் பார்த்த மருத்துவர் ஒரு மாத்திரையின் அளவைக் குறைத்தார். விழுந்து இடுப்பு முறிவதற்கு முன் இது கண்ணில் பட்டதை நினைத்தால் இப்போதும் மனம் நிறைகிறது.

சுகர் பார்ப்பதில் நாங்கள் பட்ட பயம் வேறு. ஒரு மே மாத மதியம் தொலைபேசியில் அம்மாவின் குரல் நடுங்கியது. "290 காட்டுதும்மா." என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். எதுவும் இல்லை, பேரனுக்கு மாம்பழம் நறுக்கிக் கொடுத்தேன் என்றார். சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, நன்றாகத் துடைத்து, வேறு விரலில் பார்த்தபோது 162. விரலில் ஒட்டியிருந்த பழச்சாறுதான் அத்தனைக்கும் காரணம். அன்றிலிருந்து சுகர் கருவிப் பெட்டிக்குள் ஒரு சின்னத் துண்டு இருக்கிறது. விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறையும். இரத்தச் சொட்டைத் தொட்டுப் பார்க்கும் ஸ்ட்ரிப்பை எடுத்த கையோடு அதன் டப்பாவை மூடிவிடுங்கள். ஈரம் பட்டால் ஸ்ட்ரிப் கெட்டுவிடும்.

கைப்பேசியில் ஒரு செயலி போட்டுக் கொடுத்தேன். எல்லாம் ஆங்கிலம், எழுத்தும் சின்னது. அம்மா நான்கு நாளில் விட்டுவிட்டார். அதை நீக்கிவிட்டு, "அம்மா, காலை மாத்திரை" என்று என் குரலைப் பதிவு செய்து அலாரமாக வைத்தேன். கருவியின் திரையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும் என்றேன். நோட்டில் எழுதுவதும் நிற்கவில்லை. பேட்டரி மாற்றினால் சில கருவிகளில் தேதி பழையபடி ஆகிவிடும்; அதைச் சரிசெய்யாமல் விட்டால் பதிவான எண்களால் பயன் இல்லை.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி, 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம். வீட்டுக்கு வரும் தன்னார்வலர் பார்த்த உடனே அம்மாவும் தன் கருவியில் பார்ப்பார். இரண்டும் அருகருகே வந்தால் கருவி சரியாக இருக்கிறது என்று அம்மாவுக்கே தெம்பு வரும். சின்னச் சந்தேகங்களுக்கு அரசின் இ-சஞ்சீவனியில் கட்டணமின்றி மருத்துவரோடு காணொளியில் பேசலாம்.

குளிர்பதனப் பெட்டியின் கதவில் பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். சுகர் 70-க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் கோணல், ஒரு பக்கம் கை கால் தளர்ச்சி என்றால் எந்தக் கருவியையும் தேடாமல் உடனே 108. அதற்குக் கீழே அக்காவின் எண், அதற்கும் கீழே என் எண். சென்னையிலிருந்து நான் வந்து சேர எட்டு மணி நேரம் ஆகும், அக்கா வர இரண்டு நிமிடம் போதும்.