நியூயார்க்கில் அசல் யூத டெலி சாண்ட்விச்: கொங்குப் பயணிகளுக்கு ஒரு வழிகாட்டி

திருப்பூரிலிருந்து பின்னலாடை மாதிரிகளைச் சுமந்துகொண்டும், கரூரிலிருந்து படுக்கை விரிப்பு ஆர்டருக்காகவும், கோவையிலிருந்து மகன் மகள் வீட்டுக்கும் நியூயார்க் போகிறவர்கள் பலர். வேலை முடிந்ததும் லெக்சிங்டன் அவென்யூவில் தோசை தேடிப் போவது அவர்களில் பெரும்பாலோரின் வழக்கம். அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த நகரத்துக்கே உரிய உணவு எது என்று கேட்டால், ரை என்னும் தானிய மாவில் செய்த ரொட்டிக்குள் சூடான பாஸ்ட்ராமி வைத்துத் தரும் யூத டெலி சாண்ட்விச்சைத்தான் முதலில் சொல்ல வேண்டும். டெலி (டெலிகட்டெசன்) என்பது பதப்படுத்திய இறைச்சியும் சாண்ட்விச்சும் விற்கும் கடை. 1880களுக்கும் 1924க்கும் இடையில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் அமெரிக்காவில் குடியேறினார்கள். அவர்களில் பெருந்தொகையினர் மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில் நெருக்கமான குடியிருப்புகளில் தங்கி, ஆடை தைக்கும் தொழிலில் இறங்கினார்கள். இன்று நம் ஏற்றுமதியாளர்கள் ஏறி இறங்கும் பையர் அலுவலகங்களின் முன்கதையும் டெலிக்கடைகளின் முன்கதையும் அந்தத் தெருக்களிலேயே தொடங்குகின்றன.

எதைத் தேடுகிறோம் என்பது தெளிவாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. பாஸ்ட்ராமி என்பது மாட்டின் நெஞ்சுப் பகுதி அல்லது அதன் கீழுள்ள கொழுப்பு மிகுந்த வயிற்றுப் பகுதி இறைச்சி. அதை நாள்கணக்கில், சில கடைகளில் வாரக்கணக்கில், உப்புநீரில் ஊறவைத்து, மேலே மல்லியும் மிளகும் பூண்டும் அப்பி, புகையில் பதப்படுத்தி, பரிமாறுவதற்கு முன் நீராவியில் மென்மையாகும்வரை வேகவைப்பார்கள். நம் வீடுகளில் ஆட்டுக்கறியை மஞ்சளும் உப்பும் தடவி வெயிலில் காயவைக்கும் உப்புக்கண்டத்தைப் போலவே, குளிர்பதனப் பெட்டி வருவதற்கு முன் இறைச்சியைக் காப்பாற்ற எழுந்த முறைதான் இதுவும். பாஸ்ட்ராமியின் பூர்வீகமான, வெயில் குறைந்த ருமேனியாவில் அந்த வேலையைப் புகை செய்தது. கார்ன்ட் பீஃப் என்பதும் உப்புநீரில் ஊறியதே, ஆயினும் புகையும் மசாலா மேற்பூச்சும் அதற்கு இல்லை. முதல்முறை போகிறவர் பாஸ்ட்ராமியையே கேட்கலாம் என்பது என் கருத்து. மல்லி மிளகு வாசனைக்குப் பழகிய நாக்குக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

அடுத்த சிக்கல், பெயர்ப்பலகை. நியூயார்க்கில் தெருவுக்கு இரண்டு கடைகளில் ‘டெலி’ என்று எழுதியிருக்கும். அவற்றில் மிகப் பெரும்பாலானவை பால், சிகரெட், பீர், முட்டை வைத்த ரொட்டி விற்கும் மூலைக்கடைகள். அவசரத்துக்கு உதவும் நல்ல கடைகள்தான் என்றாலும், நாம் தேடி வந்தவை அவையல்ல. கைப்பேசி வரைபடத்தில் ‘டெலி’ என்று மட்டும் தட்டினால் அவையே நூற்றுக்கணக்கில் வந்து நிற்கும். ‘ஜூயிஷ் டெலி’ அல்லது ‘பாஸ்ட்ராமி’ என்று தேடுங்கள். கடைக்குள் நுழைந்ததும் மூன்றைக் கவனித்தால் போதும். இறைச்சி நீராவிப் பெட்டியிலிருந்து முழுத் துண்டாக வெளியே வருகிறதா, ஏற்கெனவே சீவி அடுக்கிய குளிர்ந்த துண்டுகளா என்பது முதலாவது. ரொட்டி, சீரகம் போன்ற கேரவே விதை சேர்த்த ரையா என்பது அடுத்தது. கேட்காமலேயே மேசைக்கு ஊறுகாய் வெள்ளரிக்காய் வருகிறதா என்பது கடைசி. இறைச்சியைக் கையால் வெட்டுவது மேலான அடையாளம் என்று பலர் சொல்வார்கள். அது உண்மையே ஆனாலும், இயந்திரத்தில் சீவும் நல்ல பழைய கடைகளும் உண்டு என்பதால் அதை மட்டும் வைத்து ஒரு கடையைத் தள்ளிவிட வேண்டாம்.

யூத உணவு விதிகளுக்கு உட்பட்டதைக் கோஷர் என்கிறார்கள். பன்றி இறைச்சி கூடாது, ஓடுள்ள கடலுணவு கூடாது, விதிப்படி அறுத்து உப்பிட்டு இரத்தம் நீக்கிய இறைச்சியே ஆகும், இறைச்சியும் பாலும் ஒரே உணவில் சேரக் கூடாது என்பவை அவற்றில் முக்கியமானவை. ஆகவே கோஷர் டெலியில் சாண்ட்விச்சுக்குள் சீஸ் கிடையாது. சாப்பிட்டு முடித்ததும் பால் காபி கேட்டாலும் கிடைக்காது. காபி இல்லாமல் உணவு நிறைவடையாத கோவைக்காரர்கள் இதற்கு மனத்தைத் தயார் செய்துகொள்வது நல்லது. இதற்கு மாறாக, ‘கோஷர் பாணி’ கடைகள் யூத மரபின் சுவையைத் தருபவை, விதிகளைக் கடைப்பிடிப்பவை அல்ல. கார்ன்ட் பீஃபும் சுவிஸ் சீஸும் புளித்த முட்டைக்கோஸும் சேர்ந்த ரூபன் சாண்ட்விச் பட்டியலில் இருந்தால், அந்தக் கடை கோஷர் அல்ல என்று உடனே தெரிந்துகொள்ளலாம். கோஷரை ஹலாலுக்கு ஈடாக ஏற்பதா என்பது முஸ்லிம் வாசகர்கள் அவரவர் நம்பிக்கைப்படி முடிவு செய்ய வேண்டியது. கோஷர் பாணிக் கடையைக் கோஷர் என்று எண்ணி உள்ளே போய்விடக் கூடாது என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன். நாளும் பார்க்க வேண்டும். கண்டிப்பான கோஷர் கடைகள் வெள்ளி மாலையிலிருந்து சனி இரவு வரை மூடியிருக்கும். வசந்த காலத்தில் வரும் பாஸ்கா என்னும் யூதப் பண்டிகை நாள்களில் புளித்த மாவுப் பண்டங்கள் விலக்கப்படுவதால், விதியைக் கடைப்பிடிக்கும் இடங்களில் ரை ரொட்டியே இருக்காது.

இனி, எங்கே போவது? ஒரே ஒரு வேளைதான் கையில் இருக்கிறது என்றால் கிழக்கு ஹூஸ்டன் தெருவும் லட்லோ தெருவும் சந்திக்கும் முனையில் உள்ள கேட்ஸ் டெலிகட்டெசன் கடைக்குப் போங்கள். 1888இல் தோன்றிய கடை. எஃப் ரயிலில் செகண்ட் அவென்யூ நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடை. இது கோஷர் பாணிக் கடை. இங்கே உணவைவிட நடைமுறைதான் புதியவரைத் திகைக்க வைக்கும். வாசலில் ஆளுக்கு ஒரு சீட்டு தருவார்கள். எதுவும் சாப்பிடாமல் துணைக்கு மட்டும் வந்தவருக்கும் சீட்டு உண்டு. வாங்குகிற ஒவ்வொன்றையும் அதில் குறிப்பார்கள், வெளியேறும்போது அதைக் காட்டித்தான் பணம் கட்ட வேண்டும். தொலைத்துவிட்டால் ஐம்பது டாலர் அபராதம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள் என்பதால், சீட்டைச் சட்டைப்பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுவிடுங்கள். குழுவாகப் போனால் ஒருவர் சீட்டிலேயே எல்லாவற்றையும் எழுதச் சொல்லலாம், ஆனால் காலிச் சீட்டுகளையும் திருப்பித் தர வேண்டும்.

உள்ளே நீண்ட மேடையின் பின்னால் வெட்டுநர்கள் வரிசையாக நிற்பார்கள். ஒவ்வொருவருக்கும் முன்னால் தனி வரிசை. உங்கள் முறை வந்ததும் ‘பாஸ்ட்ராமி ஆன் ரை, வித் மஸ்டர்ட்’ என்று சொன்னால் போதும். அதோடு கொழுப்பு எவ்வளவு வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்வது நலம்: ‘லீன்’ என்றால் கொழுப்பற்றது, ‘ஜூஸி’ என்றால் கொழுப்போடு கூடியது. உடம்புக்கு நல்லது என்று எண்ணி லீன் கேட்கிறவர்கள் வறண்ட இறைச்சியை மென்றுவிட்டு, இதற்கா இத்தனை பேச்சு என்று திரும்புகிறார்கள். வாழ்நாளில் ஒருமுறை சாப்பிடுவதைக் கொழுப்போடுதான் சாப்பிட வேண்டும். வெட்டும்போதே ஒரு துண்டைத் தட்டில் வைத்து ருசி பார்க்கத் தருவார்கள். அதற்கு விலை இல்லை, எனினும் மேடையில் உள்ள குவளையில் ஓரிரு டாலர் போடுவது மரபு. மயோனைஸ் கேட்காதீர்கள். தரமாட்டார்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. உப்பும் புகையும் கொழுப்பும் சேர்ந்த இறைச்சிக்கு உறைப்பான கடுகு விழுதும் புளிப்பான வெள்ளரிக்காயும்தான் ஈடு கொடுக்கும். வெள்ளரிக்காயில் பச்சை நிறம் மாறாத அரைப்புளிப்பும், நன்கு ஊறிய முழுப்புளிப்பும் உண்டு. நம் மோர்மிளகாய் நாக்குக்கு முழுப்புளிப்பே ஏற்றது.

மதியமும் வார இறுதியும் வரிசை தெருவரை நீளும். இந்தியாவிலிருந்து போன முதல் சில நாள்கள் விடியற்காலை நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிடும் அல்லவா? அதைப் பயன்படுத்திக்கொண்டு காலை எட்டு மணிக்குக் கடை திறக்கும்போதே போய்விட்டால் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடலாம். காலையில் இவ்வளவு இறைச்சியா என்பவர்கள் பிற்பகல் மூன்று மணிக்குப் போகலாம்.

கோஷர் கடையே வேண்டும், மேசைக்கே வந்து பரிமாற வேண்டும் என்பவர்களுக்கு கிழக்கு 33ஆம் தெருவில் உள்ள செகண்ட் அவென்யூ டெலி ஏற்றது. 1954இல் பெயருக்கேற்ப இரண்டாம் அவென்யூவில் தொடங்கி, 2007இல் இங்கே இடம் மாறிய கடை. கோஷர் கடையாக இருந்தும் சனிக்கிழமை திறந்திருப்பதால் மிகவும் ஆசாரமான யூதர்கள் சிலர் இங்கே சாப்பிடுவதில்லை. லெக்சிங்டன் அவென்யூவின் இந்திய உணவகங்களிலிருந்து நடந்தே போய்விடலாம் என்பதால், குழுவில் பாதிப்பேர் தோசை கேட்டாலும் சிக்கல் இல்லை. அந்த இந்திய வட்டாரத்திலேயே தென்னிந்தியச் சைவ உணவகங்கள் சில கோஷர் சான்று பெற்று நடந்ததும் உண்டு. கார்னெகி டெலி 2016 இறுதியில் மூடப்பட்டுவிட்டது; பழைய பயணக் குறிப்புகளை நம்பி ஏழாம் அவென்யூவில் அதைத் தேடி அலைய வேண்டாம்.

மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் நம் பக்கத்தில் ஏராளம். அவர்களுக்கும் டெலியில் இடம் உண்டு என்றாலும் சில எச்சரிக்கைகள் தேவை. வான்கோழி சாண்ட்விச் எல்லா டெலிகளிலும் கிடைக்கும், அதே ரையில், அதே கடுகோடு. ஆனால் பெரும்பாலும் அதே பலகையில் அதே கத்தியால் வெட்டுவார்கள். மாட்ஸா என்னும் புளிக்காத ரொட்டியின் தூளை உருட்டிப் போடும் மாட்ஸா உருண்டை சூப் கோழிச்சாற்றில் செய்தது. இறைச்சி டெலியின் உருளைக்கிழங்கு நிஷ்ஷில்கூட (மாவுக்குள் பூரணம் வைத்த பண்டம்) கோழிக்கொழுப்பு இருக்கலாம் என்பதால் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

சுத்த சைவர்கள் இறைச்சி டெலிக்குப் போகாமல், யூத மரபின் பால் உணவகங்களுக்குப் போவதே நல்லது. இறைச்சியையும் பாலையும் பிரிக்கும் விதியால் பிறந்தவை இவை. உள்ளே இறைச்சியே நுழையாது. செகண்ட் அவென்யூவில் உள்ள பி அண்ட் ஹெச் டெய்ரி ஒடுங்கிய சிறு கடை. அங்கே முட்டை சேர்த்துச் செய்யும் தடித்த ஹல்லா ரொட்டியும், இறைச்சி சேராத காளான்-பார்லி சூப்பும் சாப்பிடலாம். கேட்ஸ் கடையிலிருந்து சற்றுத் தொலைவில், அதே ஹூஸ்டன் தெருவில், 1910இலிருந்து இயங்கும் யோனா ஷிம்மல் கடையில் அடுப்பில் சுட்ட உருளைக்கிழங்கு நிஷ் கிடைக்கும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: யூத விதிப்படி மீன் இறைச்சியாகக் கருதப்படுவதில்லை. பொட்டலத்தில் ‘பார்வ்’ என்று இருந்தால் இறைச்சியும் பாலும் இல்லை என்று பொருளே தவிர, முட்டையும் மீனும் இல்லை என்று பொருளல்ல. பால் உணவகத்திலும் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

வேறு நகரங்களுக்குப் போகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். லாஸ் ஏஞ்சலஸில் 1947இலிருந்து இருக்கும் லேங்கர்ஸ். பகலில் மட்டுமே திறந்திருக்கும், ஞாயிறு விடுமுறை. மான்ட்ரியாலில் 1928இல் தொடங்கிய ஷ்வார்ட்ஸ். அங்கே பாஸ்ட்ராமியின் உறவான ‘ஸ்மோக்ட் மீட்’ என்று கேட்க வேண்டும். லண்டனில் பிரிக் லேன் தெருவின் பைகல் பேக். உப்பிட்ட மாட்டிறைச்சி வைத்த பைகல் (வளைய வடிவ ரொட்டி) விலையும் குறைவு. பாலக்காட்டைத் தாண்டினால் கொச்சி மட்டாஞ்சேரியில் யூதத் தெரு இருக்கிறதே என்று சிலர் கேட்பதுண்டு. 1568இல் கட்டிய தொழுகைக்கூடத்தைக் கட்டாயம் பாருங்கள். ஆனால் கொச்சி யூதர்களின் சமையல் தேங்காயும் மிளகும் சேர்ந்த மலையாள நாட்டுச் சமையல், அங்கே பாஸ்ட்ராமியைத் தேடுவதில் பயனில்லை.

செலவைப் பொறுத்தவரை, நியூயார்க்கில் ஒரு சாண்ட்விச் 25 டாலருக்கு மேல் ஆகும், அதோடு 8.875 விழுக்காடு விற்பனை வரி, மேசையில் பரிமாறினால் 18 முதல் 20 விழுக்காடு அன்பளிப்பு. ஒன்றை இருவர் பகிர்ந்தாலும் வயிறு நிறையும் அளவில்தான் தருகிறார்கள். மேசைப் பரிமாறல் உள்ள சில கடைகள் பகிர்வதற்குத் தனிக் கட்டணம் போடும் என்பதால் பட்டியலின் அடிக்குறிப்பைப் படித்துவிடுங்கள். மிஞ்சியதைப் பொதிந்து கேட்டால் தருவார்கள், அன்றிரவே சாப்பிட்டுவிட வேண்டும். மாட்டிறைச்சியை எந்த வடிவில் கொண்டுவருவதற்கும் இந்தியாவில் தடை இருப்பதால், கடையில் தொங்கும் சலாமி என்னும் பதப்படுத்திய இறைச்சி உருளையைப் பெட்டியில் வைத்து ஊருக்குக் கொண்டுவர முயல வேண்டாம். கடுகு விழுதுப் புட்டி ஒன்றைத் துணிகளுக்கு நடுவே சுற்றி, விமானத்தில் பதிவுப் பெட்டியில் போட்டுக்கொள்ளலாம்.