பக்கத்து அறையில் எத்தியோப்பிய மாணவரா? பேச்சைத் தொடங்குவது இப்படித்தான்

கோவையில் நான் தங்கியிருந்த விடுதியில், பக்கத்து அறைக்கு எத்தியோப்பியாவிலிருந்து ஒருவர் முதுகலை படிக்க வந்தார். இரண்டு வாரம் "ஹாய்" சொல்லிவிட்டு நழுவிக்கொண்டிருந்தேன். இங்கிலீஷ் தடுமாறுமே என்ற கூச்சம்தான். அவருக்கும் அதே கூச்சம் என்பது பிறகுதான் தெரிந்தது. வீட்டில் அவர் பேசுவது அம்ஹாரிக். ஆங்கிலம் என்னைப் போல அவரும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். நான் சொதப்பிக் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: பெயரில் ஆரம்பியுங்கள்

"ஹலோ"வுக்குப் பதில் "சலாம்" சொல்லுங்கள், முகம் மலரும். அப்புறம் முழுப் பெயரைக் கேட்டு, அதில் எது அவருடையது என்றும் கேளுங்கள். அங்கே குடும்பப் பெயர் வழக்கம் கிடையாது. தன் பெயர், அதன் பின்னால் அப்பா பெயர், அவ்வளவுதான். 1960 ரோம் ஒலிம்பிக்கில் வெறுங்காலோடு மாரத்தான் ஓடித் தங்கம் வென்றவர் அபேபே பிகிலா. அபேபே அவர் பெயர், பிகிலா அப்பா பெயர். "மிஸ்டர் பிகிலா" என்றால் அப்பாவைக் கூப்பிட்ட மாதிரி. நம் இனிஷியல் கதையேதான்! விண்ணப்பத்தில் 'சர்நேம்' கட்டத்தைப் பார்த்து நானும் முழித்திருக்கிறேன் என்றதும் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றைக்கு அரை மணி நேரம் ஓடியதே தெரியவில்லை.

படி 2: பஞ்சத்தைக் கேட்காதீர்கள், காலைச் சாப்பாட்டைக் கேளுங்கள்

நான் முதலில் கேட்டது, "உங்கள் ஊரில் பஞ்சமாமே?" 1984 பஞ்சத்தின் படங்களை எங்கோ பார்த்த நினைப்பு. மரியாதையாக ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார். இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது.

மறுவாரம் "காலையில் வீட்டில் என்ன சாப்பிடுவீர்கள்?" என்றேன். இஞ்செராவில் பேச்சு பிடித்துக்கொண்டது. டெஃப் என்ற பொடித் தானியத்தின் மாவைக் கரைத்து, சில நாள் புளிக்கவிட்டு, பெரிய வட்டக் கல்லில் ஊற்றி மூடி வேகவைப்பார்கள். திருப்பிப் போடுவதில்லை. மேலெல்லாம் கண் கண்ணாக ஓட்டை விழும். "அட, எங்கள் ஆப்பம்!" என்றேன். உடனே நம் மாவு எத்தனை மணி நேரம் புளிக்கும் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை, அம்மாவுக்கு போன் போட்டேன். நீங்கள் கேட்டால் அவர்களும் திருப்பிக் கேட்பார்கள், தயாராக இருங்கள்.

படி 3: மூச்சையும் தலையையும் கவனியுங்கள்

பேசிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று "ஹ்" என்று மூச்சை உள்ளே இழுப்பார். ஏதோ திடுக்கிட்டுவிட்டார் என்று நான் பேச்சை நிறுத்துவேன். அது அவர்கள் ஊர் "ஆமாம்".

நம் தலையாட்டலில் அவர் பட்டது வேறு. மெஸ் அண்ணனிடம் இன்னொரு சப்பாத்தி கேட்டிருக்கிறார். அண்ணன் தலையை இரண்டு பக்கமும் ஆட்டியிருக்கிறார். இல்லை போலிருக்கிறது என்று இவர் தட்டைக் கழுவப் போய்விட்டார்.

படி 4: நேரம் குறித்தால் கடிகாரத்தைக் காட்டுங்கள்

அவர்கள் கணக்கில் பகல் காலை ஆறு மணிக்குத் தொடங்குகிறது. நம் ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. வந்த புதிதில் "ஞாயிறு மூன்று மணிக்கு வா" என்றார். நான் மதியம் மூன்றுக்குப் போனேன். அவர் காலை ஒன்பதிலிருந்து காத்திருந்தார். சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய நமக்கு இது புரியாத கணக்கா என்ன? வருடமும் அப்படித்தான். பதின்மூன்று மாதம், அதில் கடைசி மாதத்துக்கு ஐந்தோ ஆறோ நாள்தான். ஆண்டுக் கணக்கு நம்முடையதைவிட ஏழெட்டு வருடம் பின்னால். வயதைச் சொல்லிப் பிறந்த வருடத்தையும் சொன்னால் குழம்பாதீர்கள்.

படி 5: சாப்பிடக் கூப்பிடுமுன் கிழமை பாருங்கள்

ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளியில் நோன்பு இருப்பார்கள். வெள்ளிக்கிழமை, சைவம்தானே என்று தயிர் சாதம் வாங்கி வந்தேன். தொடவில்லை. நோன்பில் கறி, முட்டை மட்டுமல்ல. பால், தயிர், நெய் எதுவும் ஆகாது. எலுமிச்சை சாதம் என்றால் பிரச்சினை இல்லை. அங்கே முஸ்லிம்களும் நிறையப் பேர், அதனால் ஊகிக்காமல் கேட்டுவிடுங்கள்.

படி 6: காபிக்குக் கூப்பிட்டால்

போங்கள். பச்சைக் காபிக்கொட்டையை உங்கள் கண் முன்னால் வறுத்து, புகையை முகர்ந்து பார்க்கக் கொண்டுவந்து நீட்டுவார்கள். இடித்து, ஜெபெனா என்ற நீள்கழுத்து மண்கூஜாவில் கொதிக்கவைத்து, பிடியில்லாத சின்னக் கோப்பையில் ஊற்றுவார்கள். கொறிக்கப் பெரும்பாலும் பாப்கார்ன். மூன்று சுற்று: அபோல், தோனா, பரக்கா. முதல் சுற்றோடு எழுந்தால் அவர்களுக்கு மனசு ஆறாது. அதனால் அன்றைக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். இரவு தூக்கம் வராது, அதையும் சொல்லிவிடுகிறேன்.