ஸ்டாம்பைக் கழற்றாதீர்கள்: பழைய கடற்கரை ஹோட்டல் கார்டு சேர்ப்பவர்களுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்லூரி மாணவர் வீட்டுக்கு வந்திருந்தார். கையில் ஆறு பழைய பட போஸ்ட்கார்டுகள். பம்பாய் தாஜ், சிங்கப்பூர் ராஃபிள்ஸ், பினாங்கு ஈ அண்டு ஓ, கொழும்பு கால்ஃபேஸ் என்று எல்லாமே நல்ல ஹோட்டல் கார்டுகள். திருப்பிப் பார்த்தால் ஒன்றில்கூட ஸ்டாம்ப் இல்லை. "ஊறவெச்சு எடுத்துட்டேன் சார், தனி ஆல்பத்துல பத்திரமா இருக்கு" என்றார். இருபத்தைந்து வருடத்துக்கு முன் நான் செய்ததும் இதுதான். மனசு கேட்கவில்லை, கார்டு சேர்ப்பவர்கள் செய்யும் தவறுகளை எழுதுகிறேன். மடிக்காதே, ஈரக்கையால் தொடாதே என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

ஊறவைத்து ஸ்டாம்ப் எடுப்பது

நம்மில் பலர் ஸ்டாம்ப் சேர்த்த பிறகுதான் கார்டு பக்கம் வருகிறோம். பள்ளிக்கூட நாளில் பழகிய கை: கவரின் மூலையைக் கத்தரித்துக் கிண்ணத் தண்ணீரில் போட வேண்டும், ஸ்டாம்ப் கழன்று மிதந்ததும் செய்தித்தாளில் உலர்த்த வேண்டும். கார்டைப் பார்த்ததும் அதே கை தானாகக் கிண்ணத்தைத் தேடுகிறது.

நான் கெடுத்தது ஒரு கால்ஃபேஸ் ஹோட்டல் கார்டு. 1864இல் தொடங்கி இன்றும் காலி முகத்திடலின் தெற்குக் கோடியில் கடலைப் பார்த்து நிற்கிற ஹோட்டல். கார்டின் பின்பக்கம் ஏழாம் எட்வர்டு தலை போட்ட சிவப்பு ஒரு பென்னி பிரிட்டிஷ் ஸ்டாம்ப். கால் மணி நேரத்தில் கழன்றுவிட்டது. கார்டு வளைந்தது. கையால் தீட்டியிருந்த கடலின் நீலம் கரைந்து வானம் வரை பரவியது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

சில மாதம் கழித்து ஒரு மூத்த சேகரிப்பாளரிடம் காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. பின்பக்கம் ஸ்டாம்ப் இருந்த வெளிறிய சதுரத்தையும், அதன் ஓரத்தில் அறுந்து நின்ற கறுப்பு வளைவையும் லென்ஸ் வைத்துப் பார்த்தார். வளைவுக்குள் ஏ, டி என்று இரண்டு ஆங்கில எழுத்துகள். "ஏடன்" என்றார், அரேபியக் கரையில் உள்ள துறைமுகம். மீதி முத்திரை, வருடத்தோடு சேர்த்து, ஸ்டாம்போடு போய்விட்டது.

அப்புறம்தான் விளக்கினார். கொழும்பில் கப்பல் நிற்கும்போது பயணி இறங்கிக் கார்டு வாங்குகிறார். கப்பல் மேற்கே கிளம்பிய பிறகு எழுதிக் கப்பலிலேயே தபாலில் போடுகிறார். நடுக்கடலில் போடும் தபாலுக்கு அந்தக் கப்பல் எந்த நாட்டுக் கொடியோ அந்த நாட்டு ஸ்டாம்ப் செல்லும். அடுத்த துறைமுகத்தில் அதை இறக்கி 'பாக்கெபோட்' என்ற முத்திரை குத்துவார்கள். தபால் கப்பலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் அது. படம் கொழும்பு, ஸ்டாம்ப் பிரிட்டன், முத்திரை ஏடன்: ஒரு பயணம் முழுக்க அந்தச் சின்ன அட்டையில் இருந்தது. தனியாக எடுத்தால் அந்தச் சிவப்பு பென்னி கோடிக்கணக்கில் அச்சான சாதாரண ஸ்டாம்ப், டீ காசுகூடத் தேறாது. நான் திரும்ப ஒட்டிப் பார்த்தேன். முத்திரைக் கோடு மயிரிழை விலகி நிற்கிறது, பழகிய கண் உடனே பிடித்துவிடும். இன்றைக்கும் அந்தக் கார்டை எடுத்தால் எரிச்சல் வருகிறது.

கார்டும் ஸ்டாம்பும் முத்திரையும் ஒரே பொருள். ஸ்டாம்ப் பாதி கழன்று தொங்கினாலும் அப்படியே உறையில் வையுங்கள்.

படத்தை வைத்து வருடம் சொல்வது

தாஜ் 1903இல் திறந்தது. பக்கத்தில் கேட்வே ஆஃப் இந்தியா 1924இல்தான் முடிந்தது. அதனால் கேட்வே இல்லாத கடலோரப் படம் அதற்கு முன் எடுத்தது என்பது சரி. ஆனால் படம் எடுத்த வருடம் வேறு, கார்டு அச்சான வருடம் வேறு, தபாலில் போட்ட வருடம் வேறு. நல்ல படம் ஒன்று கிடைத்தால் அதையே வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப அச்சடித்தார்கள். முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். நடுக்கோடு போட்டு இடதுபுறம் செய்தி, வலதுபுறம் முகவரி என்ற முறையை பிரிட்டன் 1902இல்தான் அனுமதித்தது. மற்ற நாடுகள் அடுத்த சில வருடங்களில் பின்தொடர்ந்தன. கோடே இல்லாமல், செய்தியைப் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தையது.

நிறத்தை நம்புவது

வேண்டாம். முதல் உலகப் போருக்கு முன் ஏராளமான கார்டுகள் ஜெர்மனியில் அச்சாயின. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் போட்டவர் அந்தக் கடற்கரையைப் பார்த்தவராக இருக்க வேண்டியதில்லை.

லென்ஸ் இல்லாமல் வாங்குவது

பத்து மடங்கு லென்ஸ் போதும். வானம் இருக்கும் இடத்தைப் பாருங்கள். ஒழுங்கான வரிசையில் புள்ளிகள் தெரிந்தால் அது அச்சு. புள்ளியே இல்லாமல் வழவழவென்று மங்கினால் அசல் போட்டோவாக இருக்கலாம். விற்பவர் 'அசல் போட்டோ' என்று விலை சொன்னால் இந்த அரை நிமிடச் சோதனையை அவர் கண்ணெதிரிலேயே செய்யுங்கள்.

பிவிசி ஆல்பம்

கூடவே கூடாது. சில வருடத்தில் அந்தப் பிளாஸ்டிக் பிசுபிசுத்துக் கார்டில் ஒட்டிக்கொள்ளும். பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியஸ்டர் உறை வாங்குங்கள்.

லாமினேஷன்

நினைக்கவே நினைக்காதீர்கள்.

அந்த மாணவரிடம் ஆறு ஸ்டாம்பையும் தனி ஆல்பத்திலிருந்து எடுத்து, அதது எந்தக் கார்டோ அந்த உறைக்குள் சின்னக் காகித மடிப்பில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். பசை தொடக் கூடாது என்றும் சொன்னேன். ராஃபிள்ஸ் கார்டில் மட்டும் இரண்டு பாதி முத்திரையும் இன்னும் தெளிவாகப் பொருந்துகின்றன.