வியாபாரி முதலில் விலை கேட்கும் குட்டியை விற்காதீர்கள்: மேச்சேரி ஆட்டில் எடையும் கறியும் கூட்ட ஒரு செய்முறை

வியாபாரி பட்டிக்குள் நுழைந்ததும் அவர் கை எந்தக் குட்டியின் முதுகில் போய் நிற்கிறது என்று பாருங்கள். விலா எலும்பு முடியும் இடத்துக்குப் பின்னால், முதுகெலும்பின் இரு பக்கமும் விரலை வைத்து அழுத்துவார். எலும்பு குத்தாமல் சதை விரலைத் தாங்கினால் அந்தக் குட்டிக்குத்தான் முதல் விலை. நாமும் பக்ரீத்துக்கோ தீபாவளிக்கோ பணம் வேண்டும் என்று அதையே கொடுத்துவிடுவோம். அடுத்ததாக நன்றாக இருப்பதும் போகும். கடைசியில் யாரும் கேட்காத ஒரு கிடா பட்டியில் மிஞ்சும். பெட்டைகளோடு சேர்வது அதுதான்.

இதைப் பத்து வருடம் செய்தால் என்ன ஆகும்? வேகமாக வளரும் ரத்தத்தை ஒவ்வொரு வருடமும் பட்டியை விட்டு அனுப்பிவிட்டு, மெதுவாக வளர்வதை மட்டும் பெருக்கிக்கொண்டிருப்போம். எங்கள் சேலம் மாவட்டத்துப் பட்டிகள் பலவற்றில் ஆடு சிறுத்துப் போனதற்கு மேய்ச்சல் குறைந்தது மட்டும் காரணமில்லை, இதுவும் ஒரு காரணம் என்று உறுதியாக நினைக்கிறேன். 15, 20 பெட்டை வைத்திருப்பவர் இதை எப்படி மாற்றலாம் என்று வரிசையாகச் சொல்கிறேன். உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது மேச்சேரி செம்மறி ஆடு. ஈரோடு பக்கம் மயிலம்பாடி என்பார்கள். வெளிர் பழுப்பு நிறம், கொம்பில்லை, கம்பளி இல்லாமல் முடி மட்டும் இருக்கும் இறைச்சி இனம்.

படி 1: எண்ணும் எடையும்

ஒரு தொங்கு தராசு, ஒரு கோணிச் சாக்கு, ஒரு நோட்டு. இவ்வளவுதான் தேவை. குட்டி பிறந்த அன்றே காதில் டேக் போட்டு, தாய் எண், தகப்பன் எண், பிறந்த தேதி, எடை நான்கையும் எழுதிவிடுங்கள். மேச்சேரிக் குட்டி சுமார் 2 முதல் 2.5 கிலோ வரை பிறக்கும். பிறகு மூன்றாம் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் ஒருமுறை எடை போடுங்கள். காலையில், மேய்ச்சலுக்கு விடும் முன்பே போட்டுவிட வேண்டும். வயிறு நிறைந்த பிறகு போட்டால் தீவனத்தையும் தண்ணீரையும் சேர்த்துத்தான் எடை போட்டிருப்போம்.

படி 2: ஒரே வயதுக்குக் கொண்டுவந்து ஒப்பிடுங்கள்

கண் ஏமாறுவது இந்த இடத்தில்தான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒரே நாளில் இரண்டு குட்டிகளை எடை போடுகிறீர்கள். 12ஆம் எண் 11.2 கிலோ, 19ஆம் எண் 9.8 கிலோ. பார்த்தவுடன் 12தான் நல்ல குட்டி என்று தோன்றும். நோட்டைப் புரட்டினால் 12க்கு வயது 98 நாள், பிறந்தபோது 2.4 கிலோ. 19க்கு வயது 78 நாள்தான், பிறந்தபோது 2.3 கிலோ.

இன்றைய எடையில் பிறப்பு எடையைக் கழித்து, வயதால் வகுத்தால் ஒரு நாள் வளர்ச்சி கிடைக்கும். 12க்கு 8.8 கிலோவை 98ஆல் வகுக்க, நாளுக்கு ஏறக்குறைய 90 கிராம். 19க்கு 7.5 கிலோவை 78ஆல் வகுக்க, 96 கிராம். இதை 90ஆல் பெருக்கிப் பிறப்பு எடையைக் கூட்டினால் 90ஆம் நாள் எடை. 12 சுமார் 10.5 கிலோ, 19 சுமார் 10.9 கிலோ. சிறியதாகத் தெரிந்த குட்டிதான் வேகமாக வளர்கிறது.

இரட்டையில் ஒன்றா, தாய்க்கு அது முதல் ஈற்றா என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இரட்டைக் குட்டிக்குத் தாய்ப்பால் பாதிதான். அதை ஒற்றைக் குட்டியோடு நேராக ஒப்பிடுவது நியாயமில்லை.

படி 3: நல்ல கிடாவைப் பட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்

ஒரு பெட்டை வருடத்துக்கு ஒரு குட்டியிலோ இரண்டிலோதான் தன் குணத்தை இறக்கும். 25 பெட்டைக்கு ஒரு கிடா என்றால், பிறக்கும் குட்டி எல்லாவற்றிலும் பாதி அந்தக் கிடாதான். அதனால் தேர்வில் முதல் கவனம் கிடா மேல் இருக்கட்டும்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்? குட்டிகளுக்குள் தெரியும் எடை வித்தியாசத்தில் ஏறக்குறைய கால் பங்குதான் அடுத்த தலைமுறைக்கு இறங்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மீதி தீவனம், தாய்ப்பால், புழு, பருவம் ஆகியவற்றால் வருவது. பட்டியின் சராசரியைவிட ஆறாம் மாதத்தில் 2 கிலோ கூடுதலாக இருந்த கிடாவை வைத்தால் அதில் இறங்கக்கூடியது அரை கிலோ. கிடாவின் பங்கு பாதி என்பதால் குட்டிக்குக் கால் கிலோ. குறைவாகத் தெரியும், ஆனால் இந்தக் கால் கிலோ அழியாது. அடுத்த கிடாவின் பங்கு இதன் மேல்தான் சேரும். தீவனத்தால் வந்த எடை அந்த ஒரு குட்டியோடு முடிந்துவிடும், ரத்தத்தில் வந்தது பட்டியில் தங்கும்.

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் ராபர்ட் பேக்வெல் என்ற பண்ணையாளர் தன் நல்ல கிடாக்களை விற்காமல் பருவத்துக்கு வாடகைக்கு விட்டார். எந்தக் கிடாவின் குட்டிகள் நன்றாக வருகின்றன என்று பார்த்து அதைத் திரும்பத் தன் பண்ணைக்கே கொண்டுவரலாம் அல்லவா! நாமும் பக்கத்துப் பட்டிக்காரரோடு கிடாவை மாற்றிக்கொண்டால் இதே பலன் உண்டு.

எடையோடு இவற்றையும் பாருங்கள். இரண்டு விதைகளும் ஒரே அளவில், கட்டியில்லாமல் இருக்க வேண்டும். கால் நேராக நிற்க வேண்டும். மேல் தாடையும் கீழ் வரிசைப் பல்லும் சரியாகப் பொருந்த வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கிடாவை மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அது தன் மகள்களோடே சேரும். வெளியிலிருந்து வாங்குவதானால் பொட்டனேரியில் உள்ள மேச்சேரி ஆடு ஆராய்ச்சி நிலையத்தில் விசாரிக்கலாம். அது தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது.

ஒரு எச்சரிக்கை. சதை பெருத்தால் மட்டும் போதாது. 1983இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஒரு டார்செட் கிடா பிறந்தது. பின்தொடை இரண்டும் அசாதாரணமாகத் திரண்டிருந்தன. கொழுப்பு குறைவு, சதை அதிகம், மரபணு மாற்றத்தால் வந்த குணம். எல்லாரும் ஆசைப்பட்டார்கள். ஆனால் அந்த வழியில் வந்த குட்டிகளின் முதுகுக் கறி மெல்ல முடியாத அளவு கடினமாக இருந்ததால் அந்தக் குணம் பரவலாக எடுபடவில்லை.

படி 4: சினையில் இருக்கும்போதே தொடங்குங்கள்

ஆட்டின் சதை என்பது நார்களின் கட்டு. அந்த நார்களின் எண்ணிக்கை பிறக்கும் நேரத்துக்குள் ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. பிறந்த பிறகு நாம் போடும் தீவனம் இருக்கும் நாரைத்தான் பருக்க வைக்கும்.

கிடா சேர்ப்பதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே பெட்டைக்குத் தினம் 200 கிராம் அடர்தீவனம் (தானியம், புண்ணாக்கு, தவிடு கலந்தது) கொடுங்கள். ஆனி, ஆடியில் சேர்த்தால் 150 நாள் கழித்து, கார்த்திகை, மார்கழியில் குட்டி விழும். ஐப்பசி மழையில் முளைத்த புல் காட்டில் இருக்கும், தாய்க்குப் பால் ஊறும். கருவின் வளர்ச்சியில் பெரும்பகுதி கடைசி ஆறு வாரத்தில் நடக்கிறது. அப்போது குட்டி வயிற்றை அடைத்துக்கொள்வதால் தாய் நிறைய மேயவும் முடியாது. அந்த ஆறு வாரமும் மறுபடி 200 கிராம் கொடுங்கள்.

படி 5: முதல் 90 நாள்

குட்டி எழுந்து நின்றதும், ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்தாக வேண்டும். இரண்டாவது வாரத்திலிருந்து குட்டிகள் மட்டும் நுழையும் அளவுக்குச் சந்து வைத்த ஒரு தடுப்புக்குள் தீவனம் வையுங்கள். 100 கிலோவுக்கு மக்காச்சோளக் குருணை 45, கடலைப் புண்ணாக்கு 25, கோதுமைத் தவிடு 27, தாது உப்பு 2, சாதா உப்பு 1. புண்ணாக்கில் பூஞ்சை வாடை வந்தால் விலையைப் பார்க்காமல் ஒதுக்கிவிடுங்கள். தாது உப்பு ஆட்டுக்கென்று விற்பதாகவே இருக்கட்டும். மாட்டுக்கானதில் தாமிரம் கூடுதலாக இருக்கலாம், செம்மறிக்கு அது ஈரலில் சேர்ந்து விஷமாகும்.

படி 6: மூன்றிலிருந்து ஆறு மாதம்

கறி சேரும் காலம் இது. காலையில் மேய்ச்சல், மாலையில் வேலிமசால், அகத்தி போன்ற பசுந்தீவனம், அதோடு அடர்தீவனம். தொடக்கத்தில் 50 கிராம்தான். மூன்று நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, இரண்டு வாரத்தில் 250 கிராமுக்குக் கொண்டுவாருங்கள்.

அவசரப்பட்டு ஒரு குட்டியை இழந்தவன் நான். மேய்ந்து பழகிய குட்டி, சீக்கிரம் எடை ஏறட்டும் என்று முதல் நாளே அரைக் கிலோவுக்கு மேல் மக்காச்சோளம் வைத்தேன். மறுநாள் காலையில் இடது வயிறு உப்பி, பல்லை நெறித்துக்கொண்டு சுவர் ஓரமாக நின்றது. புளித்த வாடையோடு கழிச்சல். மாவுச்சத்து ஒரேயடியாகப் புளித்து வயிற்றில் அமிலம் ஏறிவிட்டது. மதியத்துக்குள் போய்விட்டது. அடர்தீவனம் கூடும்போது துள்ளுமாரி நோயும் வரும், அதற்கான தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுவிடுங்கள். கீழ் இமையைத் தாழ்த்திப் பாருங்கள். உள்ளே வெளுத்திருந்தால் பெரும்பாலும் புழு ரத்தம் குடிக்கிறது என்று அர்த்தம். குடற்புழு நீக்காமல் போடும் தீவனம் புழுவுக்குத்தான்.

உடம்பில் முதலில் எலும்பு, அப்புறம் சதை, கடைசியில் கொழுப்பு என்ற வரிசையில்தான் வளர்ச்சி நடக்கும். ஆறு மாதம் தாண்டியும் நிறைய மக்காச்சோளம் போட்டுக்கொண்டே இருந்தால் தீவனச் செலவு கொழுப்பாக மாறும். வயது ஏற ஏறச் சதையைக் கட்டும் இணைப்புத் திசு இறுகி, கறி வேக நேரமாகும். பல் போடாத, அதாவது பால்பல் இன்னும் விழாத குட்டிக்குக் கறிக்கடையில் தனி மதிப்பு இருப்பது இதனால்தான்.

படி 7: கடைசி நாள்

ஆறு மாதம் பார்த்துப் பார்த்து வளர்த்ததைக் கடைசி ஒரு நாளில் கெடுத்துவிடலாம். வண்டியில் நெருக்கி ஏற்றி, வெயிலில் நிறுத்தி, காலைப் பிடித்து இழுத்தால் சதையில் இருக்கும் சர்க்கரை தீர்ந்துவிடும். அறுத்த பிறகு அந்தச் சர்க்கரைதான் அமிலமாக மாறி, கறியின் காரகாடித்தன்மையை (pH) 7இலிருந்து 5.5 அருகே இறக்க வேண்டும். அது இறங்காத கறி கருத்து, பிசுபிசுப்பாக இருக்கும், சீக்கிரம் கெடும். முந்தின நாளே கொண்டுபோய் நிழலில் கட்டுங்கள், தண்ணீர் தாராளமாக வையுங்கள், கூட்டாளிக் குட்டியோடு சேர்த்தே நிறுத்துங்கள்.

கறிக்கடைக்காரரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். தோல், தலை, குடல் நீக்கி எத்தனை கிலோ நின்றது? கொழுப்பு எவ்வளவு? 20 கிலோ குட்டியில் 9 கிலோ கறி என்பது ஏற்கத்தக்க அளவு. அந்த இரண்டு பதிலையும் நோட்டில் அந்தக் குட்டியின் தகப்பன் எண்ணுக்கு நேராக எழுதுங்கள். அடுத்த ஆனி மாதம் எந்தக் கிடாவைச் சேர்ப்பது என்று பார்க்கும்போது முதலில் திறக்க வேண்டிய பக்கம் அதுதான்.