செஃபலூ போகிறீர்களா? காரைத் தள்ளியே நிறுத்துங்கள்

இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கோடை என்றால் விருந்தினர் காலம். ஜெர்மனியிலிருந்து தம்பி, லண்டனிலிருந்து சித்தி, கொழும்பிலிருந்து யாராவது. மொந்தே பெல்லெக்ரினோ மலையில் பலெர்மோவின் புனிதர் சாந்தா ரொசாலியாவைக் கும்பிட்டு முடிந்ததும் எல்லாருக்கும் செஃபலூ போகவேண்டும். கிழக்கே 70 கிலோமீற்றருக்குள் ஒரு சின்னக் கடற்கரை ஊர். மணல், பேராலயம், அதற்குப் பின்னால் 270 மீற்றர் உயரப் பாறை. வந்த புதிதில் நாங்கள் பட்டதையே இவர்களும் வரிசையாகப் படுகிறார்கள். தொப்பி, தண்ணீர்ப் போத்தல் பற்றியெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அது வீட்டிலேயே சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

பழைய நகருக்குள் காரோடு நுழைவது

இதைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் எனக்கு எரிச்சல் தீர்வதில்லை.

இத்தாலியில் பழைய நகரப் பகுதிகள் பலவற்றில் வெளியார் வாகனங்களுக்குத் தடை உண்டு. ‘சேத்தா-தி-எல்லே’ (ZTL) என்பார்கள். அதற்கான பலகையில் வெள்ளை வட்டம், சிவப்பு விளிம்பு, கீழே சின்ன எழுத்தில் நேரங்கள். காவலர் நிற்கமாட்டார், தடுப்புக் கம்பம் இருக்காது. கமரா இலக்கத்தகட்டைப் படம் எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். மின்பலகையில் ‘வார்கோ அத்தீவோ’ என்று ஒளிர்ந்தால் கமரா வேலை செய்கிறது, உள்ளே வராதே என்று பொருள். பாதை திறந்திருக்கிறது என்று நினைத்து உள்ளே விடுகிறவர்கள்தான் அதிகம்.

ஜெர்மனித் தம்பி விமான நிலையத்தில் வாடகைக்குக் கார் எடுத்தான். தங்குமிடம் பழைய நகருக்குள். “நவி காட்டுது அண்ணா, முன்னால வேற காரும் போகுது” என்றான். முன்னால் போன காருக்கு அனுமதி இருந்திருக்கும், இவனுக்கு இல்லை. பெட்டிகளை இறக்கினான், அடுத்த நாளும் ஒருதரம் உள்ளே போய் வந்தான்.

ஊர் திரும்பிச் சில வாரத்தில் போன். “அண்ணா, கார்க்காரர் கார்ட்டில சும்மா காசு வெட்டிப்போட்டாங்கள்.”

“சும்மா வெட்டேல்லயடா. உன்ர பெயரையும் விலாசத்தையும் பொலிசுக்குக் குடுத்ததுக்கான கூலி அது. தண்டம் இனித்தான் வரும்.”

நம்பவில்லை. முதலில் வெட்டிய காசுதான் தண்டம் என்று நினைத்து நிம்மதியாக இருந்துவிட்டான். பல மாதம் கழித்துப் பதிவுத் தபால் வந்தது, நாளுக்கு ஒன்றாக இரண்டு. வெளிநாட்டில் வசிப்பவருக்கு அறிவிப்பு அனுப்ப 360 நாள் அவகாசம் இருக்கிறது. அதனால் தபால் வரவில்லை என்றால் தப்பிவிட்டோம் என்று அர்த்தமில்லை. சட்டத்தில் குறைந்த தொகை 83 யூரோ, அதற்கு மேல் தபால் செலவு. கடிதம் கிடைத்து 5 நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் குறையும். இவன் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு, மொழிபெயர்க்க ஆள் தேடிக்கொண்டிருந்தான்!

பழைய நகருக்குள் அறை எடுத்தால், காரோடு வரலாமா, இலக்கத்தைப் பொலிசுக்குப் பதிந்து தருவீர்களா என்று விடுதிக்காரரிடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். வந்திறங்கிய பிறகு கேட்டால் காலம் கடந்துவிடும். இல்லையென்றால் வெளியே நீலக் கோட்டுக்குள் காசு கட்டி நிறுத்துங்கள். மஞ்சள் கோடு உங்களுக்கானதல்ல. என்னைக் கேட்டால் காரே வேண்டாம். பலெர்மோ சென்ட்ராலேயில் ரயில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணிநேரம், நிலையத்திலிருந்து நடை தூரம்தான்.

சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வந்து ஓட்டுவது

சர்வதேச அனுமதிப்பத்திரம் கையில் இருக்கவேண்டும்.

ரிக்கெற்றில் முத்திரை குத்தாமல் ஏறுவது

கடதாசி ரிக்கெற் என்றால் மேடையில் இருக்கும் பெட்டியில் குத்திவிட்டு ஏறுங்கள். வாங்கிவிட்டேனே என்று பரிசோதகரிடம் வாதாடுவதில் பயனில்லை.

கடலிலிருந்து நேரே பேராலயத்துக்குப் போவது

ஈர உடையோடு போய் வாசலில் நின்று கெஞ்சுகிறார்கள். நம் கோயிலுக்கு இப்படிப் போவோமா? 1131இல் இரண்டாம் ரோஜர் மன்னன் தொடங்கிய கட்டடம். 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. உள்ளே தங்கப் பின்னணியில் இருக்கும் 1148ஆம் ஆண்டின் மொசைக் கிறிஸ்துவைப் பார்க்காமல் திரும்புவது பெரிய நட்டம். கையில் விரித்த புத்தகத்தில் ‘நானே உலகத்தின் ஒளி’ என்ற வசனம், ஒரு பக்கம் கிரேக்கத்தில், மறுபக்கம் லத்தீனில். ரோஜர் தன்னை இங்கேதான் அடக்கவேண்டும் என்று கல்பெட்டிகூடக் கொண்டுவந்து வைத்தான். அடக்கியது என்னவோ பலெர்மோவில். தோளை மூட ஒரு துணி பையில் இருந்தால் போதும், இவ்வளவையும் பார்க்கலாம்.

பாறையில் செருப்போடு ஏறுவது

வேண்டாம். நண்பகலிலும் வேண்டாம். தியானா கோயில் என்று சொல்லப்படும் இடிபாடு வரைக்குமாவது போகவேண்டும் என்றால் காலையிலேயே கிளம்புங்கள்.

அரஞ்சினாவைச் சைவம் என்று நம்புவது

அரஞ்சினா என்பது உள்ளீடு வைத்துப் பொரித்த சோற்று உருண்டை. ‘வெண்ணெய் அரஞ்சினா’ என்று எழுதியிருக்கும். வெண்ணெய்தானே என்று விரத நாளில் கடித்த சித்தி, உள்ளே இருந்த பன்றி இறைச்சியைக் கண்டதும் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. சைவக்காரர் பனெல்லே கேளுங்கள். கடலைமாவைப் பொரித்தது, நம் நாக்குக்கு உடனே பிடிக்கும். கத்தரிக்காய் போட்ட நோர்மா பாஸ்தாவும் நல்லது, சீஸ் மட்டும் வரும்.

பில்லில் ‘கொப்பெர்த்தோ’ கண்டு சண்டை பிடிப்பது

மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவதற்கான காசு. கட்டுங்கள்.

ஓகஸ்ட் 15 அன்று வருவது

அன்று இத்தாலியில் பொது விடுமுறை, சிசிலி முழுக்கக் கடற்கரையில்தான் இருக்கும். வேறு நாள் பாருங்கள்.

திரும்பும் ரயிலைப் பார்க்காமல் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்வது

உணவகங்கள் இரவுச் சாப்பாட்டை ஏழரைக்கு முன் தொடங்குவது அரிது. கடைசி ரயில் எப்போது என்று காலையில் நிலையத்தில் இறங்கும்போதே பார்த்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அட்டவணை வேறு.