பல்லி எச்சத்தில் புதுப் பூஞ்சையா? இங்கேதான் சறுக்கும்

டர்பனில் சாட்ஸ்வொர்த் வீட்டுச் சுவரில் ஓடும் பல்லியின் எச்சத்தில்கூட இதுவரை பெயர் வைக்கப்படாத பூஞ்சை இருக்கலாம். உயிரியல் படிக்கும் நம் பிள்ளைகள் இதில் இறங்கினால் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. அதனால்தான் சில தவறுகளை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

தரையில் நாள்கணக்கில் காய்ந்து கிடந்த எச்சத்தை எடுக்காதீர்கள். மண்ணிலும் காற்றிலும் உள்ள பெனிசிலியம், ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை வகைகளே அதில் முந்திக்கொண்டு வளரும். ஈரம் காயாததைத் தனிக் குப்பியில் போட்டு, தேதி, இடம், எந்த விலங்கு என்பதை அங்கேயே எழுதிவிடுங்கள். கையுறை கட்டாயம், சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி இருக்கலாம். இயற்கைக் காப்பகத்தில் எடுப்பதென்றால் முதலில் மாகாண வனவிலங்கு அமைப்பான எசெம்வெலோவின் அனுமதி.

பசிடியோபோலஸ் ரானாரம் என்ற பூஞ்சையை 1886-ல் ஐடம் தவளை எச்சத்திலிருந்து விவரித்தார். பல்லி எச்சத்திலும் அது கிடைக்கிறது. எச்சத்தைப் பெட்ரித் தட்டு மூடியின் உட்புறம் ஒட்டி, அகார் என்ற வளர்ப்புக் கூழுக்கு மேலே மூடிவைத்தால், பூஞ்சை வித்துகளைக் கீழே சுட்டுத் தள்ளும். சில நாளில் அகாரில் புள்ளி புள்ளியாக முளைத்துவிடும், பார்க்கவே அழகு! ஆனால் அந்த வித்து வண்டின் உடலில் ஒட்டியிருந்து, வண்டைத் தின்ற பல்லிக்குள் போயிருக்கலாம். ஆகவே ‘எச்சத்தில் கிடைத்தது’ என்று மட்டும் எழுதுங்கள். ‘பல்லிக் குடலில் வாழ்வது’ என்று எழுத வேறு சான்று வேண்டும்.

அப்புறம் டிஎன்ஏ. பூஞ்சை இனங்களை அடையாளம் காண உதவும் ஐடிஎஸ் என்ற டிஎன்ஏ பகுதி பொதுத் தரவு வங்கியில் எதோடும் பொருந்தவில்லை என்றதும் துள்ளிக் குதிக்காதீர்கள். அங்கே தவறான பெயரில் கிடக்கும் டிஎன்ஏ வரிசைகள் நிறைய. பழைய இனங்கள் பலவற்றுக்கு வரிசையே கிடையாது. வேறு மரபணுக்களையும் பாருங்கள், பழைய விவரிப்புகளைத் தேடிப் படியுங்கள், நுண்ணோக்கியில் நிறைய வித்துகளை அளந்து பாருங்கள்.

எனக்கு மனம் பதறுவது மூல மாதிரி, அதாவது புது இனத்தின் பெயருக்கு ஆதாரமாக வைக்கும் மாதிரி, விஷயத்தில்தான். தட்டில் வளர்த்த பூஞ்சையை, அதாவது வளர்ப்பை, ஆய்வகக் குளிர்பெட்டியில் விட்டுவிட்டு, படித்து முடித்ததும் போய்விடுகிறார்கள். அது செத்துப்போனால் அந்த இனத்தைச் சரிபார்க்க வழியே இல்லை. உயிரோடு வளர்ந்துகொண்டிருக்கும் வளர்ப்பை மூல மாதிரியாகப் பூஞ்சைப் பெயரிடல் விதி ஏற்பதில்லை. உலர்த்தியோ உறைய வைத்தோ செயலற்ற நிலையில் வைக்க வேண்டும். பிரிட்டோரியாவில் தேசியப் பூஞ்சைச் சேகரிப்பு இருக்கிறது. கட்டுரை எழுதத் தொடங்கும் முன்பே அங்கே ஒப்படையுங்கள்.

2013 ஜனவரி 1 முதல் மைக்கோபேங்க் போன்ற பூஞ்சைப் பெயர்ப் பதிவகத்தில் எண் வாங்கிக் கட்டுரையில் அச்சிடாத புதுப் பெயர் செல்லாது. புது இனத்தின் விளக்கம் லத்தீனில்தான் வேண்டும் என்ற கட்டாயம் 2012-லேயே போய்விட்டது, ஆங்கிலமும் சரி. தமிழில் மட்டும் எழுதினால் ஏற்கமாட்டார்கள். கூடுதலாக ஒரு தமிழ்ச் சுருக்கம் சேர்க்க எந்த விதியும் தடுக்கவில்லை.