வலைப்பின்னல் சமூகத்துக்கான ஆய்வும் பயிற்சியும்: பல்கலைக்கழகங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெயரை அழித்துவிட்டால் தரவு பாதுகாப்பாகிவிடும் என்ற நம்பிக்கைதான், மக்கள் இணையத்தில் விட்டுச்செல்லும் தரவை ஆராயும் இந்தத் துறையில் மிக ஆபத்தான தவறு. 2006-ல் ஏஓஎல் என்ற அமெரிக்க இணையச் சேவை நிறுவனம் ஏறத்தாழ ஆறரை லட்சம் பேரின் தேடல் பதிவுகளை, பெயருக்குப் பதில் எண் போட்டு, ஆய்வாளர்களுக்காக வெளியிட்டது. சில நாட்களிலேயே பத்திரிகையாளர்கள், தேடிய சொற்களை மட்டும் வைத்து ஒரு பெண்மணி யாரென்று கண்டுபிடித்துவிட்டார்கள். அதே ஆண்டு நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட பட்டியலிலும் (பார்வையாளர்கள் படங்களுக்குத் தந்த மதிப்பெண்கள், பெயர் நீக்கப்பட்டவை) இதுதான் நடந்தது. டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர், ஐஎம்டிபி என்ற திரைப்படத் தகவல் தளத்தில் வெளிப்படையாகக் கிடந்த மதிப்புரைகளோடு அதை ஒப்பிட்டுச் சிலரை அடையாளம் கண்டார்கள்.

தனியாகப் பார்த்தால் எதையும் சொல்லாத தரவு, இன்னொன்றோடு சேரும்போது ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். வலைப்பின்னல் என்றாலே அதுதானே! அதனால் தரவை வெளியிடும் முன், "இதை வேறு எதோடு சேர்த்தால் யார் மாட்டிக்கொள்வார்கள்?" என்று ஆய்வு மாணவர் கேட்டே ஆக வேண்டும். சந்தேகம் இருந்தால் பொதுவில் வைக்காமல், ஒப்பந்தம் போட்டு, தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும் கொடுக்கலாம். ஆய்வால் யாருக்கும் தீங்கு வராதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதியை வெறும் கையெழுத்தாக நினைக்கும் மேற்பார்வையாளர்கள் மீது எனக்குக் கோபமே வருகிறது. பாதிக்கப்படப் போகிறவர் அந்தக் குழு கூடும் அறையில் இருப்பதில்லை.

அடுத்தது, நிறுவனங்கள் தரும் தரவை நிலையானது என்று நம்பி ஆய்வைக் கட்டுவது. காய்ச்சல் பரவலைத் தேடல்களிலிருந்து கணிக்க 2008-ல் வந்த கூகுள் ஃப்ளூ டிரெண்ட்ஸ், 2012-13 குளிர்காலத்தில் உண்மையைவிட மிக அதிகமாகக் கணித்தது. மக்கள் தேடும் விதமும் மாறுகிறது, தேடுபொறியும் மாறிக்கொண்டே இருக்கிறது. 2015-ல் அந்தச் சேவை நிறுத்தப்பட்டது. 2023-ல் ட்விட்டர் தன் தரவுக்கான இலவச வழியை அடைத்தபோது பல ஆய்வுகள் பாதியில் நின்றன. ஆய்வேட்டைத் தொடங்கும்போதே மாற்று வழி ஒன்றை யோசித்து வைப்பது நல்லது.

பயிற்சிக்கு வருவோம். ஒரு மென்பொருளை இயக்கக் கற்றுக்கொடுத்துச் சான்றிதழ் தருவது போதாது. மென்பொருள் சில ஆண்டுகளில் மாறிவிடும். வெளிவந்த ஆய்வு ஒன்றின் தரவை வாங்கி, அதே முடிவு வருகிறதா என்று மாணவரையே செய்து பார்க்கச் சொல்லுங்கள். அமெரிக்காவில் ஒரு முனைவர் பட்ட மாணவர் வகுப்புப் பயிற்சியாக இப்படிச் செய்யப்போய்த்தான், அரசுகளின் கடன் பற்றிய புகழ்பெற்ற ஆய்வு ஒன்றின் எக்செல் பிழை 2013-ல் வெளியே வந்தது. அந்த ஆய்வை எழுதியவர்கள் தங்கள் எக்செல் கோப்பைக் கொடுத்ததால்தான் அது முடிந்தது என்பதையும் வகுப்பில் சொல்ல வேண்டும்.

அப்புறம், மேற்கோள் காட்டும் இணையப் பக்கங்கள். சுட்டியை மட்டும் குறித்துவிட்டு விடாதீர்கள், பக்கங்கள் காணாமல் போகும். பார்த்த தேதியை எழுதி, இணையக் காப்பகத்தில் ஒரு பிரதியைச் சேமித்து, அந்த முகவரியையும் ஆய்வேட்டில் சேர்த்துவிடுங்கள்.